சைக்கிள் டியூபும் சுவிஸ் பிஸ்டலும்

போடிநாயக்கனூரில் எந்தப் பிடி வழுக்கினாலும் வைத்தியம் ஒன்றுதான்: பழைய சைக்கிள் டியூப். கவாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கிற கம்பி, ஜீப்பின் கியர் ராடு எதுவானாலும் சரி, டியூபை நீளவாக்கில் கீறி, இழுத்துச் சுற்றி, முனையை உள்ளே சொருகிவிட்டால் போதும். மரம் உளுத்துப் போனாலும் பிடி போகாது. அதனால், என் ஏர் பிஸ்டலின் கிரிப் வியர்வையில் நழுவுகிறது என்று நான் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னபோது, பெஞ்சில் இருந்த யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. ஒருவர் எதிர்வரிசைப் பஞ்சர் கடையைப் பார்த்து, "மாப்ளே, ஒரு முழம் டியூப் வெட்டிக் கொண்டாப்பா, அண்ணன் துப்பாக்கிக்கு!" என்று குரல் கொடுத்தேவிட்டார். தெருவில் போன பாதிப்பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். மீதிப்பேர் நிற்காமல் வேகமாக நடந்தார்கள்.

நான் ஏலக்காய் வியாபாரி. என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. ஈயப் பெல்லட்டைக் காற்றழுத்தத்தால் தள்ளுகிற போட்டி பிஸ்டல். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாத இந்த வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. இதை ஊரில் ஒருவரும் நம்புவதாக இல்லை. 2023-இல் சின்னக்கானலில் பிடித்துக் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் யானை, ஒரு மாதத்திலேயே நடந்து வந்து கம்பம் ஊருக்குள் புகுந்ததே, அதற்காகத்தான் நான் பிஸ்டல் வாங்கினேன் என்று ஒரு கட்சி. அரிக்கொம்பன் மேல் இந்தப் பெல்லட் பட்டால், யாரோ விலாசம் கேட்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல நான் இருக்க மாட்டேன். இன்னொரு கட்சி அஜித் கட்சி. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் பதக்கங்கள் வாங்கியதிலிருந்து, ஐம்பதைத் தாண்டிய என்னைப் பார்த்து, "தல மாதிரி வரணும்ணே" என்று வாழ்த்துகிறார்கள். 'தல' என்று அழைக்க வேண்டாமென அவரே 2021-இல் கேட்டுக்கொண்ட விஷயம் இன்னும் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்து சேரவில்லை.

விளையாட்டு இதுதான். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. ஒற்றைக் கையால் பிஸ்டலைத் தூக்கி 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். இன்னொரு கை ஒத்தாசைக்கு வரக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நின்றாரே, அது ஸ்டைல் என்று உலகமே கொண்டாடியது. அந்தக் கைக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். சும்மா தொங்கவிட்டால் உடம்பை ஆட்டும் என்று பிஸ்டல்காரர்கள் பெரும்பாலும் அதைப் பையிலோ பெல்ட்டிலோ கட்டிப்போட்டு வைப்பார்கள். அதே போட்டியில் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள். வீட்டில் வேட்டியோடு பயிற்சி செய்கிற எனக்குப் பையும் இல்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டால் கடன் கேட்டு வந்தவனைப் போல நிற்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பயிற்சி எங்கள் ஏலக்காய் குடோனில். கதவைத் தாழிட்டு, கோணியும் இரும்புத் தகடும் சாய்த்து, அட்டையைத் தொங்கவிட்டால் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடுத்தடுத்த வளையங்களுக்கு இடைவெளி 8 மி.மீ. இந்தக் கணக்கு போடிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சல்லடையில் 7 மி.மீ. காய் எது, 8 மி.மீ. போல்டு எது என்று பிரித்து விலை வைத்துப் பிழைக்கிற ஊர் இது. ஒரு போல்டு காயைக் குறுக்கே வைத்தால் ஒன்பதுக்கும் எட்டுக்கும் உள்ள தூரம் மறைந்துவிடும்; வைத்துப் பார்த்திருக்கிறேன். பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே ஏறக்குறைய 33 செ.மீ. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரே ஒரு மி.மீ. விலகினாலும் பத்து மீட்டருக்கு அப்பால் பெல்லட் 30 மி.மீ. தள்ளி விழும். பத்து ஏழாகிவிடும். உள்ளங்கையில் கிரிப் மெல்ல நழுவினால் வருகிற விலகல் இதுதான். தடாலென்று வருவதல்ல, பத்தாவது ஷாட்டில் பிடித்தபடி நாற்பதாவது ஷாட்டில் பிடித்திருக்க மாட்டோம், அதுவும் நமக்குத் தெரியாது.

விசைவிரல் விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. 2007-இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்ததிலிருந்து எங்கள் தொழிலே விரல் நுனித் தொழிலாகிவிட்டது. அவசரப்பட்டு அழுத்தினால் நஷ்டம், தயங்கினால் லாட் அடுத்தவனுக்கு. அப்படிப் பழகிய விரலுக்கு 500 கிராம் விசையை அலுங்காமல் இழுப்பது பெரிய காரியமில்லை. தகராறெல்லாம் மீதி நான்கு விரலும் உள்ளங்கையும் சேர்ந்து செய்வது.

போடி வெயிலில் வியர்க்காத கை எது? மேலே போனால் சரியாகிவிடும் என்று பூப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற சிநேகிதர் கூப்பிட்டார். விடிகாலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. காய் எடுக்கப் போகிற அக்காமார்கள் ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் ஜீப்பின் மேல்கம்பி. அந்தக் கம்பி பல வருஷக் கைபட்டுப் பளபளவென்று இருக்கிறது. உலகத்திலேயே வழுக்கலான இரும்பு அதுதான். ஆனாலும் ஒருவரும் நழுவவில்லை. விரலைக் கொக்கி போட்டு வைத்துவிட்டு, வண்டி சாய்கிற பக்கம் சாய்ந்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்கள். கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த ஆள் நான் ஒருவன்தான். வளைவுக்கு வளைவு பக்கத்தில் இருந்தவர் மடியில் போய் விழுந்தவனும் நான் ஒருவன்தான்.

மேலே காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்தில் அட்டையைக் கட்டினோம். மூடுபனி, குளிர், காலில் அட்டைக்கடி. கை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுட்டதெல்லாம் ஒன்பதும் பத்துமாக விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். சிநேகிதர், "மாமா, அடுத்தது பத்து விழலேன்னா மத்தியானம் தோட்டத்துக்கே பிரியாணி உங்க செலவு" என்றார். காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நொடியில் உள்ளங்கையில் ஊற்று திறந்தது.

உடற்கூறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். முதுகும் நெற்றியும் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கை முக்கியமாக மனசுக்கு வியர்க்கும். போடிமெட்டு என்ன, காஷ்மீருக்கே போனாலும் பிரியாணிப் பந்தயம் கட்டினால் வியர்க்கத்தான் செய்யும். ஆகவே கையை மாற்ற வழியில்லை, கிரிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று இறங்கி வந்தேன்.

வந்த யோசனைகள் குடோன் கொள்ளாது. சைக்கிள் டியூப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ரப்பர் வியர்வையைக் குடிக்காது. கைக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் படலமாக நிற்கும். கத்தியில் அது தெரியாததற்குக் காரணம், கத்தியை நாம் நெரித்துப் பிடிக்கிறோம். மருமகன் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையைக் கொண்டுவந்தான். அது மெத்தென்று அமுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆழத்துக்கு அமுங்கினால் குறி எங்கே நிற்கும்? டென்னிஸ் மட்டைக்குச் சுற்றுகிற நாடா வியர்வையைக் குடிக்கும், ஆனால் தடிமன் கூட்டிவிடும். உப்புத்தாள் போலிருக்கிற சொரசொரப்பு டேப் ஒன்று கிடைக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் ஓடி ஓடிச் சுடுகிறவர்களுக்கு அது வேண்டும்; அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கையில் உதைக்கும். ஏர் பிஸ்டல் உதைப்பதே இல்லை. அதற்குப்போய் இந்த டேப்பை ஒட்டி ஒரு முழுச் சுற்று சுட்டால், ராத்திரி ரசஞ்சாதம் பிசையும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாது.

பவுடர் யோசனை என் மனைவியுடையது. "முகத்துக்குப் போடுறதைக் கையில போட்டுக்கங்களேன், வேர்வையை இழுத்துக்கும்." கேரம் போர்டில் எதற்காகப் பவுடர் தூவுகிறோம் என்று நான் திருப்பிக் கேட்டதில் அன்றைக்கு வீட்டில் காபி தாமதமாயிற்று. ஜிம்னாஸ்டிக்காரர்கள் பூசுவது மெக்னீசியம் கார்பனேட். அது ஈரத்தை உறிஞ்சும். முகப்பவுடரில் உள்ள டால்க் வழுக்குவதற்கென்றே பிறந்தது.

இவர்களில் விஞ்ஞானி என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்து மண்வெட்டிக்காரரைத்தான் சொல்வேன். "எச்சியத் துப்பித் தேச்சுட்டுப் பிடிங்க மொதலாளி" என்றார். சிரித்துவிடாதீர்கள். வறண்ட தோல் வழுக்கும். சற்றே ஈரம் பட்டால் தோல் மிருதுவாகிப் பொருளோடு ஒட்டும். ஈரம் மிஞ்சினால் மறுபடி வழுக்கும். ஆக, பிடி கொஞ்சம் ஈரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்துவிட வேண்டும். அதற்கு ரப்பரை விட மரம் மேல். வார்னிஷ் பூசிய மரத்தை விட வெறும் மரம் மேல். போட்டி பிஸ்டல்களின் கிரிப்பைப் பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்து, மேலெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொத்தி விட்டிருப்பார்கள். தேய்ந்துபோன அம்மியில் சிற்றுளியால் கொத்துவார்களே, அதே வேலை. மழுங்கினால் மறுபடி கொத்திக்கொள்ளலாம். எங்கள் ஆசாரி என் கிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கா வெளிநாட்டுல காசு குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, கூர்மழுங்கிய ஆணியை வைத்து ஒரு மத்தியானத்தில் புதுசாகக் கொத்திக் கொடுத்தார். பிறகு அது நழுவவில்லை. மதிப்பெண்ணும் ஏறவில்லை.

விவகாரம் இங்கேதான் இருக்கிறது. நழுவுவது என்பது பெரும்பாலும் வழுவழுப்பின் குற்றமல்ல, அளவின் குற்றம். கைக்குப் பொருந்தாத கிரிப்பை நாம் நெரிக்கிறோம். நெரித்தால் கை நடுங்கும், வியர்க்கும்; வியர்த்தால் இன்னும் நெரிப்போம். பொருந்துகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைக் குறிக்கு நேரே தூக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் முன் குறி, பின் குறியின் பிளவுக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித்தான் நேராக்க முடிகிறது என்றால் கிரிப் உங்களுடையதல்ல. இதைக் கரைத்துக் குடித்தவர்கள் ஐரோப்பாக்காரர்கள். சுவிட்சர்லாந்தின் மொரினி பிஸ்டலுக்கு மூலவரான செசாரே மொரினி முதலில் கிரிப் செய்து பெயரெடுத்தவர்தான். பிஸ்டல் பிறகு வந்தது. ஜெர்மனியில் ரிங்க் என்ற கம்பெனிக்கு உங்கள் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பினால், அந்தக் கைக்கென்றே கடைந்து தருவார்கள். நான் சாப்பாட்டு மேஜையில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த என் மாமியார், எந்த மந்திரவாதியிடம் போகிறேன் என்று மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

வலது கைக்காரர் கிரிப் இடது கைக்கு ஒருநாளும் ஆகாது. ஹங்கேரி ராணுவத்தில் இருந்த கரோலி தகாச்சுக்கு 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போயிற்று. இடது கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கை வியர்வையைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் வராது.

அளவு சரிசெய்ய ஜெர்மனிக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. பள்ளத்தில் எம்-சீல் அப்பி, மேட்டை அரத்தால் ராவி, உப்புத்தாள் தேய்த்து உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். உலகம் முழுக்க பிஸ்டல்காரர்கள் இப்படி ஏதாவதொரு பசையை அப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அப்பிக்கொண்டே போக முடியாது. 420-க்கு 200-க்கு 50 மி.மீ. அளவில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். போட்டிக்கு முன் பிஸ்டல் கிரிப்போடு அதற்குள் அடங்க வேண்டும். நம்மை மாட்டிவிடுவது அந்த ஐம்பதுதான். கிரிப் கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கவும் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். 50 மீட்டர் பிஸ்டலில் மட்டும் கையுறை போல மூடுகிற கிரிப்புக்கு அனுமதி உண்டு.

ஆகவே புதிதாக வாங்கப் போகிறவர்களே, கடைக்காரர் சொரசொரப்பைத் தடவிக் காட்டினால் மயங்காதீர்கள். கண்ணை மூடித் தூக்கிப் பாருங்கள். சிறிய கையா, நடுத்தரமா, பெரிசா என்று அளந்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள், மரத்தை ராவிக் குறைப்பது சுலபம். வார்னிஷ் இருந்தால் தேய்த்து எடுங்கள். எம்-சீல் அப்பிப் பதம் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எம்-சீல் காயும்வரை பிடித்தபடி உட்கார்ந்திருந்தால், பிறகு நழுவுகிற பேச்சுக்கே இடமில்லை.