கைப்பிடி சுற்றி வாங்கிய நோபல்

உயிரியலில் கணினி மாதிரிகளின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் 1952-க்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். நரம்புக்குள் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்கள் சமன்பாடுகளாக எழுதி, கணக்குப் போட்டும் காட்டிய ஆண்டு அது. அந்தக் கணக்கை எந்தக் கணினியும் போடவில்லை என்ற சங்கதியை மட்டும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள்.

கதை தொடங்குவது 1939 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில். ஊசிக்கணவாய்க்கு அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நரம்பிழை உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு தப்பி ஓடுவதற்காக இயற்கை கொடுத்தது. அதை வைத்தே விஞ்ஞானிகளிடம் மாட்டிக்கொண்டது அதன் தலையெழுத்து. ஹக்ஸ்லிக்கு அப்போது 21 வயது. நரம்பின் உள்ளே இருக்கும் சரக்கு எவ்வளவு கெட்டி என்று பார்க்க, இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அதற்குள் பாதரசத் துளியைப் போட்டார். துளி விழவே இல்லை. போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருப்பது கூழ் என்று தெரிந்தது. சரி, தொங்கவிட்டது தொங்கவிட்டாயிற்று என்று அதற்குள் ஒரு மின்முனையைச் செருகினார்கள்.

துடிப்பு வரும்போது உட்புறத்து மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு ஏறி நின்றுவிடும் என்பது அன்றைய பாடம். இங்கேயோ பூஜ்யத்தைத் தாண்டி நேர்மின் பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் எகிறியது. பாடப்புத்தகம் பொய்! அவசர அவசரமாக ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். அதற்குள் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்துவிட்டார். ஹாட்ஜ்கின் ரேடார் பக்கமும், ஹக்ஸ்லி பீரங்கிக் குறி பார்க்கும் கணக்குப் பக்கமும் போனார்கள். 1941-இல் பிளிமத் ஆய்வகத்தின் மேலேயே குண்டு விழுந்தது. கணவாய்கள் சில வருடம் நிம்மதியாக இருந்தன.

1949 கோடையில் நிம்மதி போயிற்று. மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து நிறுத்திவிட்டு, எவ்வளவு சோடியம் உள்ளே பாய்கிறது, எவ்வளவு பொட்டாசியம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். அளந்ததைச் சமன்பாடுகளில் அடைத்தாகிவிட்டது. இனி அந்தச் சமன்பாடுகளே ஒரு துடிப்பைப் பெற்றெடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜில்தான் எட்சாக் இருக்கிறதே! மாரிஸ் வில்க்ஸ் கட்டிய புத்தம்புதுக் கணினி, சுமார் 3000 வால்வுகள், நினைவகமாகப் பாதரசக் குழாய்கள். போய்க் கேட்டால், மாற்றியமைக்கும் வேலை நடக்கிறது, ஆறு மாதம் ஓடாது என்று பதில். பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை என்ற அறிவிப்போடு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஹக்ஸ்லி பிரன்ஸ்விகாவை எடுத்து மேசைமேல் வைத்தார். தையல் மெஷினுக்கும் கடைக் கல்லாப்பெட்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு இரும்புக் கணக்குப்பொறி. பெருக்க வேண்டுமா, கைப்பிடியைச் சுற்று. வகுக்க வேண்டுமா, பின்னால் சுற்று. சில மில்லிவினாடியில் அடங்கிவிடும் ஒரு துடிப்பைக் கணக்கிட்டு முடிக்க எட்டு மணி நேரம் பிடித்தது. இது நின்ற இடத்தில் துடிக்கும் துடிப்புக்கு. நரம்பு நெடுக ஓடும் துடிப்பென்றால் மூன்று வாரம். அதன் வேகத்தை முதலில் ஊகித்துக்கொண்டுதான் கணக்கையே தொடங்க முடியும். ஊகம் தப்பென்றால் பாதி வழியில் மின்னழுத்தம் முடிவிலியை நோக்கிக் கிளம்பிவிடும், மேலேயோ கீழேயோ. உடனே வேறு வேகம், மறுபடி முதலிலிருந்து சுற்று. நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் தம்பி என்பதால் கைப்பிடி சலுகை எதுவும் காட்டவில்லை.

இங்கே ஒரு அந்தரங்கம். பொட்டாசியத்துக்கான சமன்பாட்டில் நான்காம் அடுக்கு வருகிறது. ஐந்தோ ஆறோ போட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்று அவர்களே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த முன்னேற்றத்துக்கு இவ்வளவு சிக்கல் தகாது என்று விட்டுவிட்டார்களாம். தோள்பட்டையைப் பற்றிக் கட்டுரை மூச்சுவிடவில்லை. இன்றைக்கும் உலகெங்கும் மாணவர்கள் நான்காம் அடுக்கையே மனப்பாடம் செய்கிறார்கள்.

கடைசியில் கிடைத்த வேகம் வினாடிக்கு 18.8 மீட்டர். உண்மையான கணவாய் நரம்பில் அளந்தது 21.2. இரும்புப் பொறியும் ஒரு ஜோடிக் கையும் போட்ட கணக்குக்கு இது அநியாய நெருக்கம். 1963-இல் நரம்பியலாளர் ஜான் எக்கிள்ஸோடு சேர்த்து இருவருக்கும் நோபல் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே நிஜக் கணினிகள் இந்தச் சமன்பாடுகளில் கை வைத்துவிட்டன. 1955-இல் அமெரிக்காவில் கென்னத் கோல் குழுவினர் சீக் என்ற கணினியில் ஏற்றிப் போட்ட கணக்கில் பிழை புகுந்துவிட்டது. 1959-இல்தான் திருத்தம் வந்தது. அடுத்து லண்டனில் டெனிஸ் நோபிள் என்ற ஆராய்ச்சி மாணவர், இதே சமன்பாடுகளை மாற்றி இதயத்துடிப்பைக் கணக்கிட மெர்க்குரி கணினியில் நேரம் கேட்டார். கொடுத்தார்கள், இரவு இரண்டிலிருந்து நாலு மணி வரை. கணக்கை முடித்துவிட்டு ஐந்து மணிக்கு ஆட்டுத்தொட்டிக்குப் போய், அன்றைய சோதனைக்குச் சூடாக இதயம் வாங்கிவருவார். 1960-இல் அவர் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது.