பிரபு வீட்டு மரம்

சுற்றுச்சூழல் சட்டம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஏழைபாழைகளின் நுரையீரலுக்காக உருகிய ஒரு மகான், கண்ணீர் மல்க ஓர் உரை, எழுந்து நின்று கைதட்டும் சபை... ஸாரி! பிரிட்டனில் 1863-ல் வந்த ஆல்கலி சட்டத்துக்கு மூலகாரணம் மரம். அதுவும் ரோட்டோர மரமில்லை, பிரபு வீட்டு மரம்!

பிரபுவின் பெயர் டெர்பி. பதினான்காவது ஏர்ல். இரண்டு தடவை பிரதமராக இருந்துவிட்டு மூன்றாவது ரவுண்டுக்குக் காத்திருந்தவர். புகழ்பெற்ற டெர்பி குதிரைப் பந்தயம் இவருடைய தாத்தா பெயரில்தான் இன்றும் ஓடுகிறது. போதாக்குறைக்கு, ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். இப்பேர்ப்பட்டவரின் நோஸ்லி எஸ்டேட், விதி பாருங்கள், செயின்ட் ஹெலன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்து தொலைத்தது.

அந்த ஊரில் சோடா தயாரித்தார்கள். கோலி சோடா இல்லை, சோப்பும் கண்ணாடியும் செய்வதற்கான சோடா. முறையைக் கண்டுபிடித்தவர் நிகோலா லெப்லாங்க் என்ற பிரெஞ்சுக்காரர். அவரைத் தாங்கிப் பிடித்த ஆர்லியன்ஸ் கோமகன் கில்லட்டினில் தலையைக் கொடுத்தார். புரட்சி அரசு தொழிற்சாலையைப் பறிமுதல் செய்து, ரகசியத்தையும் ஊரறியப் போட்டு உடைத்தது. கடைசியில் கொழுத்தது யார்? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இங்கிலாந்துக்காரன்!

உப்பில் கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டும், இதுதான் முதல் வேலை. உடனே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகக் கிளம்பும். 8 டன் சோடா செய்தால் ஐந்தரை டன் அமில ஆவி. அவ்வளவையும் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? புகைபோக்கி வழியாக ஆண்டவனுக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஆண்டவன் திருப்பி அனுப்பினார். வேலிச்செடி கருகியது, மரங்கள் மொட்டையாயின. லிவர்பூலில் ஜேம்ஸ் மஸ்ப்ராட் என்ற சோடா முதலாளியைக் கோர்ட் படியேற்றினார்கள். முதலாளிகள் கூடி யோசித்து ஒரு விஞ்ஞானத் தீர்வு கண்டார்கள்: புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டு! 1842-ல் கிளாஸ்கோவில் டெனன்ட் கம்பெனி எழுப்பிய புகைபோக்கி 430 அடிக்கு மேல். நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே 236 அடிதான். பலன்? பக்கத்து வயலில் இறங்க வேண்டிய அமிலம் பக்கத்து ஊரில் போய் இறங்கியது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது! வில்லியம் காசேஜ் என்பவர் ஒரு பழைய காற்றாலைக் கட்டடத்துக்குள் முட்புதரையும் சுள்ளியையும் அடைத்தார். மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, ஆவியை உள்ளே அனுப்பினார். அமிலம் சமர்த்தாகத் தண்ணீரில் கரைந்துவிட்டது. 1836-லேயே பேட்டன்ட் வாங்கியாயிற்று. ஆனால் பிடித்த அமிலத்தை விற்க ஆளில்லையே! காசு வராத சுத்தம் எந்த முதலாளிக்கு வேண்டும்?

இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் டெர்பி பிரபுவுக்குக் கோபம் வந்தது. 1862-ல் பிரபுக்கள் சபையில் கமிட்டி போட வைத்தார். மறுவருஷமே சட்டம்: அமில ஆவியில் 95 சதவீதத்தைப் பிடித்தே ஆக வேண்டும். ஆகா, என்ன கண்டிப்பு! கந்தகப் புகை? அதைப் பற்றிப் பேச்சில்லை. நிலக்கரிப் புகை? மூச்! ஆறு? அது யார் வீட்டு ஆறு?

ஆகவே முதலாளிகள் பிடித்த அமிலத்தைச் சட்டப்படி ஓடையில் கொட்டினார்கள். அங்கே ஏற்கெனவே சோடாக் கழிவு கிடந்தது. அமிலமும் கழிவும் கைகோத்ததும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. சட்டத்தை மதித்து எழுப்பிய நாற்றம், யார் கேட்பது?

கேட்க வந்தவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். பாதிரியாராக வேண்டும் என்று படிக்கப் போனவர். நாடு முழுக்க இருந்த சோடாத் தொழிற்சாலைகளுக்கு இவரும் நாலு துணை இன்ஸ்பெக்டர்களும்தான். அபராத நோட்டை நீட்டுவதைவிட, “இந்தக் குழாயை இப்படித் திருப்பிப் பாருங்களேன்” என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவர் வழி. இன்றைக்கென்றால் கன்சல்டன்ட் என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் பில் போட்டிருப்பார். ‘அமில மழை’ பற்றி 1872-லேயே புத்தகத்தில் எழுதினார். உலகம் அதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ள நூறு வருஷம் ஆயிற்று.

சரி, தேங்கிய அமிலத்துக்கு என்ன வழி? காட்டியவர் வால்டர் வெல்டன். பேராசிரியரா? இல்லை, பத்திரிகைக்காரர்! பிற்பாடு பெண்களுக்கான ஃபேஷன் பத்திரிகை நடத்தியவரும் இவரே. தானே வேதியியல் படித்து, அமிலத்திலிருந்து மலிவாகக் குளோரின் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றினால் பிளீச்சிங் பவுடர். நம்மூரில் மந்திரி வருகிறார் என்றால் தெருவோரம் வெள்ளைக் கோடாகத் தூவுவார்களே, சாட்சாத் அதுதான். லங்காஷயர் துணி ஆலைகள் அள்ளிக்கொண்டு போயின. நேற்றுவரை ஓடையில் கொட்டிய முதலாளிகள் ஒரு துளி சிந்தினாலும் பதறினார்கள். திடீர்ச் சுற்றுச்சூழல் பற்று!

அந்தப் பவுடரை அள்ளிப் பீப்பாயில் அடைத்த தொழிலாளி மட்டும் வாயில் ஃபிளானல் துணியைப் பல சுற்று சுற்றிக்கொண்டு மூச்சுவிட்டான். ஆல்கலி சட்டம் புகைபோக்கிக்கு வெளியே போகும் காற்றைத்தான் அளந்தது. அவன் நின்றது உள்ளே. மேலும், அவன் மரமில்லையே!

இதற்குள் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே வேறு முறையில் மலிவாகச் சோடா செய்து லெப்லாங்க்காரர்களின் வயிற்றில் அடித்தார். 1890-ல் அவர்கள் கூட்டுச் சேர்ந்து யுனைடெட் ஆல்கலி என்று ஒரே கம்பெனியானார்கள். சோடாவில் விட்ட காசை, ஒரு காலத்தில் ஆண்டவனுக்கு அனுப்பிய அதே அமிலத்தை வைத்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.