ஐம்பத்தோராவது மீட்டர்

முதலில் பிள்ளைகளைத் திட்டிவிடுவோம். இருப்பதிலேயே செலவில்லாத வேலை அதுதான். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்கு நீண்டுபோச்சு. வீட்டுச் சாப்பாடு தொண்டையில எறங்க மாட்டேங்குது. எப்பப் பாரு பார்சல், பார்சல்!" சொல்பவர் யாரென்று எட்டிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கெட் பிரியாணி வர ஐந்து நிமிடம் தாமதமானதற்குக் கடைக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருப்பவராக இருப்பார். அவர் ஆர்டர் போட்டால் அது குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பது. அதே பிரியாணியைப் பதினைந்து வயது மகன் புதன்கிழமை இரவு கேட்டால் அது தலைமுறையே சீரழிந்துபோனதற்கு அடையாளம்.

வளரும் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் வெளியில் வாங்கிச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா? நல்லதில்லை. இதைச் சொல்ல மருத்துவர் வேண்டாம், பெட்டியின் அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயே சொல்லும். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 விழுக்காட்டுக்குத் தவறான உணவுமுறைதான் காரணம் என்று 2024 மே மாதம் ஐசிஎம்ஆரும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. 10.1 கோடி இந்தியர்களுக்கு நீரிழிவு என்பது 2023-ல் வந்த கணக்கு. பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதில் தெரிந்த கேள்வியை மேடை போட்டு, மைக் வைத்து, பள்ளிக்குப் பள்ளி கேட்டுக்கொண்டே இருந்தால், தெரியாத கேள்விகளின் பக்கம் போக வேண்டியதில்லை அல்லவா? அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது, எங்கே நின்றுகொண்டு சாப்பிடுகிறது, யாருடைய பணத்தில் சாப்பிடுகிறது என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறே முக்காலுக்கு வேன். ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். வாசல்வரை ஓடி வந்து அம்மா வாயில் திணிக்கும் அரை இட்லிதான் காலை உணவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், விளையாட்டு பீரியடை முழுசாகவே எடுத்துக்கொள்வார். (இத்தனை பீரியடைத் தின்றும் பசி அடங்காத ஒரே ஜீவன் அவர்தான். அவருடைய உணவுப் பழக்கம் பற்றி யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை.) மாலை நாலரைக்குப் பள்ளி விட்டால் ஐந்தரைக்கு டியூஷன். நீட், ஜேஇஇ என்று அப்பாவுக்கு ஒரு கனவு இருந்துவிட்டால் இரவு ஒன்பது வரை கோச்சிங். மதியம் பன்னிரண்டரைக்கு, ஆறிப்போன லெமன் சாதத்தில் பாதியை விழுங்கிய உடம்பு, இரவு ஒன்பதரை வரை எதைத் தின்னும்? இயற்பியலையா?

டியூஷன் சென்டர் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு தள்ளுவண்டி இருக்கும். கோவைப் பக்கம் என்றால் காளான். பெயரில்தான் காளான், தட்டில் பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும். மற்ற ஊர்களில் ஃப்ரைடு ரைஸ், செக்கச்செவேலென்று சில்லி சிக்கன், இப்போது புதிதாக மோமோ. வண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தெருவில், இந்த நேரத்தில், இத்தனை பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று யோசித்த ஒரே மனிதர் அவர். லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிய கோச்சிங் நிறுவனம் ஏ.சி. போட்டது, கேமரா போட்டது, வருகைப் பதிவுக்குக் கைரேகை எந்திரம் வைத்தது. நீட்டில் தேறியவர்களின் முகங்களை ஆளுயரத்துக்கு அச்சடித்து பேருந்து நிலையத்தில் தொங்கவிட்டது. ஒரு பாத்திரம் சுண்டல் வைக்க மட்டும் அதற்குத் தோன்றவில்லை. சுண்டலுக்கு ரேங்க் வராது.

வண்டிச் சட்டியில் கொதிக்கும் எண்ணெயைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் எதைப் பற்றித்தான் சட்டம் இல்லை? திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் எதையும் பொரிக்கக் கூடாது, 2018 ஜூலை முதல் இதுதான் விதி. கறுத்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. பெரிய கடையில் ஓய்வுபெற்ற எண்ணெய் சின்னக் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்கிறது என்பது அதிகாரிகளுக்கே தெரிந்துபோனதால் வந்த திட்டம். இருந்தும் லாரிக்குப் போக வேண்டிய எண்ணெயில் இன்றும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் சமோசாவின் குணம் மாறிவிடும் என்று கண்டுபிடித்த மேதை யாரோ, அவர் காலில் விழ வேண்டும். ஐம்பது மீட்டரை ஓடிக் கடக்க ஒரு பையனுக்கு எட்டு வினாடி போதும். விளையாட்டு பீரியட் கணக்கு பீரியடாகிவிட்டதால் இப்போது பத்து, பன்னிரண்டு ஆகலாம். அதற்குள் அவன் மனம் திருந்திக் கொய்யாப்பழம் வாங்கிவிடுவான் என்பதுதான் விதியின் நம்பிக்கை போலும். நம் ஊர்ப் பள்ளிகள் எத்தனையில் அந்த ஐம்பது மீட்டரை யாராவது நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள் என்று வாசகர்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அளந்தாலும் பயனில்லை. கடை என்றால் ஓரிடத்தில் நிற்கும் என்று நம்பிய காலத்து விதி அது. இப்போது கடை சட்டைப்பையில் இருக்கிறது. சாயங்காலமானால் பசிக்கிறதா என்று தோழனைப் போல விசாரிக்கிறது. இருநூறு ரூபாய்க்கு வாங்க நினைத்தவனை, இன்னும் நாற்பது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று கையைப் பிடித்து இழுக்கிறது. அந்த நாற்பது ரூபாயில் ஒரு கூல்டிரிங்ஸ் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைக்குத் தனியாகக் கணக்கு கிடையாது, அப்பாவின் போன், அப்பாவின் ஜிபே. இரவு பத்து மணிக்கு மேல் அலுவலகத்திலிருந்து வரும் இருவர், தூங்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாத குற்ற உணர்ச்சியைத் தீர்த்துக்கொள்ள அனுப்பிவைக்கும் சாப்பாடு அது.

2024-ல் ஸ்விக்கி மட்டும் 8.3 கோடி பிரியாணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது, நிமிடத்துக்கு 158. ஆண்டு இறுதியில் அந்த நிறுவனம் இதைச் சந்திரயான் தரையிறங்கிய செய்தியைப் போல வெளியிட, நாமும் ஆளுக்கு ஆள் பகிர்ந்து புல்லரித்தோம். கீரைக்கு இப்படி ஓர் ஆண்டறிக்கை வராது. கீரைக்காரம்மாவிடம் மக்கள் தொடர்பு அதிகாரி இல்லை. அந்த 8.3 கோடியில் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிற்பவனுக்கும் இருபது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் அவனும் ப்ளஸ் டூ. சிக்னலைத் தாண்டி, நாய்க்குத் தப்பி, நான்காவது மாடி ஏறி வந்து, சூடு குறையாமல் பிரியாணியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் அவன் சாப்பிடுவது டீயும் பன்னும். அவன் ஆரோக்கியம் பற்றி எந்தப் பட்டிமன்றத்திலும் தலைப்பு கிடையாது. அவன் வாடிக்கையாளன் இல்லையே.

அரசாங்கம் தூங்குகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை செத்தால் விழித்துக்கொள்ளும். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். எல்லைக்கு இந்தப் பக்கமும் சில நாள் சோதனை நடந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்தாள். மறுபடியும் சோதனை, மறுபடியும் கெட்டுப்போன இறைச்சியைக் குழியில் கொட்டி ஃபினாயில் ஊற்றும் புகைப்படம், கிலோக் கணக்கு, கையுறை போட்ட அதிகாரிகள். அந்த இறைச்சி முந்தின வாரமும் அதே குளிர்பெட்டியில்தான் இருந்தது. அப்போது அதற்கு நாற்றம் வரவில்லை போலிருக்கிறது.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் தடை செய்தது, ஓராண்டுக்கு. ஓராண்டுக்குள் சால்மோனெல்லா மனம் திருந்திவிடும் என்று நினைத்துச் செய்ததல்ல. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாநில ஆணையருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரமே ஒரு தடவைக்கு ஓராண்டுதான். குட்காவுக்கும் இதே அதிகாரம்தான், வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். எந்தப் பெட்டிக்கடையில் அது கிடைக்கும் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட வழி சொல்லும். 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். சரியான தடை. ஆனால் கடற்கரையில் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்த வட இந்திய இளைஞனைப் பிடிப்பதில் காட்டிய வேகத்தைப் பளபளக்கும் பாக்கெட்டுகளின் பக்கம் யாரும் காட்டவில்லை. சிலி நாட்டில் 2016 முதல் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த வரைவு என்ன சொன்னது தெரியுமா? பாக்கெட்டுக்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுப் பழகிய ஊரில் விஷத்துக்கும் பரீட்சைதான்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "அந்தக் காலத்துல அம்மிக்கல்லுல அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, ஒருத்தருக்கும் சுகர் இல்ல. இப்பத்திப் பொம்பளைங்க சமைக்கறதில்ல, அதான்." பெரியப்பா பிறந்ததிலிருந்து அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று அறியாதவர். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கணக்கெடுத்த நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1. அந்த 26-லும் கடைக்குப் போய்க் கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்தவர்கள் அடக்கம். எட்டு மணி நேரம் அலுவலகம், இரண்டு மணி நேரம் பேருந்து, பிறகு சமையல், பிறகு பாத்திரம் என்று ஓடுகிற பெண் ஒரு நாள் களைத்து ஆர்டர் போட்டால் கலாச்சாரம் சாய்ந்துவிடுகிறது. மகனுக்கு உப்புமா கிண்டக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நாம் நடத்தும் பாடமும் லேசுப்பட்டதல்ல. நல்ல மார்க் வாங்கினால் பீட்சா. கீரை சாப்பிட்டு முடித்தால்தான் போன். பதினைந்து வருடம் இப்படிப் பழக்கினால் எது பரிசு, எது தண்டனை என்று பிள்ளைக்குத் தெரியாமலா போகும்?

தமிழ்நாட்டுக்குப் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தட்டேந்தி நின்ற பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு கொடுத்து உலகத்துக்கே காட்டிய மாநிலம் இது. 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பிறகு கருணாநிதி முட்டை சேர்த்தார், 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு கைகழுவிக்கொண்டு எழுந்துவிடும். ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று பசி நின்றுவிடும் என்று எந்த மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்? உடம்பு அதிகமாகக் கேட்கும் வயதே அதுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்தப் பெண்ணிடமிருந்து தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஷவர்மா தின்னாதே என்று போஸ்டர் ஒட்டுகிறோம்.

ப்ளஸ் டூ வரை நீட்டுங்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். தனியார் பள்ளிகளைக் கேட்டால் கேன்டீன் டெண்டர் முடிந்துவிட்டது என்பார்கள். கோச்சிங் சென்டரைக் கேட்டால் அட்மிஷன் கவுண்டரைக் காட்டுவார்கள். கேட்பதை நிறுத்தப்போவதில்லை. செலவு அப்படி ஒன்றும் ஆகாசத்தில் இல்லை: சோறு, சாம்பார், நாமக்கல்லிலிருந்து வரும் ஒரு முட்டை. சத்துணவுக் கூடத்து ஆயா அதை இன்றுவரை வேகவைத்துத்தான் கொடுக்கிறார், எந்த அரசாணையும் இல்லாமல்.