எண்பது நிமிடம் போதுமா?

கே: பெண்களின் முதல் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு 80 நிமிடம்தானாமே, ஏன்?
- வாசகி, திருச்சி

ப: பெண்களுக்கு 90 நிமிடம் ஆட மூச்சு இருக்குமா என்ற சந்தேகம்தான்! 1991-ல் சீனாவில் நடந்த அந்தப் போட்டியில் அமெரிக்காவின் மிஷெல் ஏகர்ஸ் மட்டும் 10 கோல் அடித்தார். நார்வேயுடன் இறுதி ஆட்டம், 1-1. முடிய இரண்டே நிமிடம். எதிரணி வீராங்கனை தன் கோல்கீப்பருக்குத் தள்ளிய பந்தை ஏகர்ஸ் ஓடிப்போய்ப் பறித்தார், கோல்கீப்பரைத் தாண்டினார், காலி வலைக்குள் தட்டிவிட்டார். கோப்பை அமெரிக்காவுக்கு!

1985-ல் டென்மார்க்குக்கு எதிராக அமெரிக்கப் பெண்கள் அணியின் முதல் கோலை அடித்தவரும் இவரே. அந்தக் காலத்தில் அணிக்குக் கிடைத்தது ஆண்களின் சீருடை.

பிறகு தீராக் களைப்பு நோய் அவரைப் படுத்தி எடுத்தது. அப்படியும் 1996-ல் ஒலிம்பிக் தங்கம். 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சந்தேகப்பட்டவர்கள் முடியுமா என்று கேட்ட அந்த 90 நிமிடத்தையும் ஆடி, அடிபட்ட பிறகே வெளியேறினார். ஃபிஃபாவின் நூற்றாண்டு வீராங்கனை விருதைச் சீனாவின் சுன் வென்னும் இவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பந்தும் காலுமாகத் திரியும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், ஏகர்ஸ் என்ற பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அப்படியே மைதானத்துக்கும் அனுப்பி வையுங்கள்!