வருங்கால நட்சத்திரங்களின் நான்கு கோலங்கள்: ட்ரம்ப் கார்டு வழி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

1990களில் பெட்டிக்கடைகளில் தொங்கிய கிரிக்கெட் ட்ரம்ப் கார்டை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் மூல ஆவணமாக மதிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. களம் திருநீர்மலை. காரணம் இரண்டு. மலைப்படிகளில் நிழலும் உண்டு, கோடை விடுமுறையில் ஆட்டத்துக்கு ஆளும் உண்டு. அடுத்து, ஆய்வுக்கு வேண்டிய கோட்பாட்டை அவ்வூர்ப் பெருமாளே தந்திருக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்ற கோலம். மலைமேல் நரசிம்மராக இருந்த கோலம், அரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். “பெரிய ஆளா வருவான்” என்று ஊரே சொன்ன ஆட்டக்காரர்களும் இந்நான்கில் அடங்குவர் என்பதே நம் கருதுகோள்.

2. முன்னாய்வுகள்

அமெரிக்கர்கள் இதில் முன்னோடிகள். டாப்ஸ் நிறுவனம் 1963இல் ஒரே பேஸ்பால் அட்டையில் நான்கு புதுமுகங்களின் தலையை அச்சிட்டு, நால்வருமே வருங்கால நட்சத்திரங்கள் என்றது. அவர்களில் ஒருவர் பீட் ரோஸ். பின்னாளில் 4,256 ஹிட் அடித்துச் சாதனை படைத்தவர். மற்ற மூவரும் அவர் புண்ணியத்தில் இன்றும் நல்ல விலைக்குப் போகிறார்கள். நம் அட்டைக்கு இந்த வாய்ஜாலம் கிடையாது. ஒரு படம், கீழே எண்கள், அவ்வளவுதான்.

3. ஆய்வு முறை

மேல் கார்டைப் பார்த்து ஒருவன் ஒரு கட்டத்தைச் சொல்வான்: “ஹையஸ்ட், இருநூத்தி இருபத்தேழு!” எதிராளியின் எண் சிறியதென்றால் அவன் கார்டும் போச்சு. எந்தக் கட்டம் என்பது முறை வைத்திருப்பவன் உரிமை. இந்த விதியை வாசகர் மறக்கலாகாது.

4. வகைப்பாடு

நின்ற கோலம்: வினோத் காம்ப்ளி. 1993இல் அடுத்தடுத்த டெஸ்டுகளில் 224, 227. கடைசி டெஸ்ட் 1995இல், வயது 23. மொத்தம் 17 டெஸ்ட், சராசரி 54.20இல் நின்றுவிட்டது. இருநூறு டெஸ்ட் ஆடி ஓய்ந்த சச்சினின் சராசரி 53.78. அதாவது ஆவரேஜ் கேட்டால் காம்ப்ளியிடம் சச்சின் தோற்பார். அணியை விட்டு நீக்கினால் சராசரி குறையாது என்னும் இக்கண்டுபிடிப்பைத் தேர்வாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. காம்ப்ளி கார்டில் 17 என்ற எண்ணின் மேல்தான் கட்டைவிரல் அழுக்கு அதிகம். பக்கத்தில் எட்டிப் பார்ப்பவனிடமிருந்து மறைத்துப் பிடித்ததன் தடயம் அது.

கிடந்த கோலம்: நரேந்திர ஹிர்வானி. 1988 ஜனவரியில், சேப்பாக்கத்தில், முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 136 ரன்னுக்கு 16 விக்கெட். முதல் நான்கு டெஸ்டில் 36. அடுத்த பதின்மூன்றில் 30. அறிமுக டெஸ்டில் அவருக்கு முன் 16 எடுத்தவர் ஆஸ்திரேலியாவின் பாப் மாசி; கொடுத்தது ஒரு ரன் கூடுதல். மாசி ஆடியதே ஆறு டெஸ்ட்தான். ஹிர்வானியின் சாதனை அப்படியே கிடக்கிறது; எழுப்ப ஆளில்லை.

இருந்த கோலம்: தமிழ்நாட்டின் பரத் அருண். 2 டெஸ்ட், 4 விக்கெட். கார்டில் ஏறினால் எந்தக் கட்டத்திலும் கரைசேராத எண்கள். ஆனால் 2018-19, 2020-21 என இரு முறை இந்தியா ஆஸ்திரேலியாவில் தொடரை வென்றபோது பந்துவீச்சுப் பயிற்சியாளராக உடைமாற்றும் அறையில் வீற்றிருந்தவர் அவரே. உட்கார்ந்து எடுத்த விக்கெட்டுக்கு அட்டையில் கட்டம் ஒதுக்காதது அச்சகத்தின் பிழை.

நடந்த கோலம்: எல். சிவராமகிருஷ்ணன். ரஞ்சி அறிமுகத்தில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட். பதினேழு வயதில் டெஸ்ட். 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12. கடைசி டெஸ்ட் ஆடும்போது வயது இருபது. 9 டெஸ்ட், 26 விக்கெட்டோடு மைதானத்திலிருந்து வர்ணனை அறைக்கு நடந்தார். அங்கே அவர் பல்லாண்டு ஆட்டமிழக்கவில்லை.

5. முடிவும் பரிந்துரையும்

நால்வரையும் பற்றித் திண்ணையில் ஒரே தீர்ப்புதான்: “நல்லா வந்திருக்க வேண்டியவன், வீணாப் போயிட்டான்.” ஆய்வு காட்டுவது வேறு. இப்படிச் சொல்பவர் ‘மேட்ச்’ என்ற ஒரு கட்டத்தை மட்டும் கேட்டு ஜெயித்தவர். ஆவரேஜோ பெஸ்ட் பௌலிங்கோ கேட்டிருந்தால், அவர்தான் கார்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

எனவே பரிந்துரை: கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தியே, இப்ப என்னப்பா பண்றே?” என்று கேட்டால் பதறவேண்டாம். அவர் மேட்ச் கேட்கிறார். அடுத்த முறை நம்முடையது.