பாசிக்கு ஆள் போடுகிறவர்

சீகிரியாவில் விடுதி நடத்தும் கடல்தொட்டிக்காரரிடம் பாசியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் மலையேற வேண்டுமென்று விருந்தாளி தவித்துக்கொண்டு நிற்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. "போன கிழமை வந்திருந்தீங்கன்னா பளிங்கு மாதிரி பாத்திருப்பீங்க" என்று ஆரம்பிப்பார். போன கிழமை வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்.

கடல் திருகோணமலைப் பக்கம், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அதனால் கடலை இவரே தயாரிக்கிறார். லீட்டருக்கு 35 கிராம் வீதம் 400 லீட்டர்த் தொட்டிக்கு 14 கிலோ உப்பு. சமையலறை உப்பு உதவாது. கல்சியம், மக்னீசியமெல்லாம் அளவாகச் சேர்ந்த வெளிநாட்டுப் பொதி. உள்ளே இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், மிச்சமெல்லாம் பாசி. மாலையில் விருந்தினர் திரும்பும் நேரம் பார்த்து நீல விளக்கைப் போட்டுவிடுவார். அந்த வெளிச்சத்தில் பவளம் ஒளிரும், பச்சை கறுத்து அடங்கிவிடும். பகலில் வருகிறவர்கள்தான் பாவம்.

பாசியைத் தன் கையால் பிடுங்கிப் போடலாம் என்ற யோசனை அவருக்கு ஒத்துவருவதில்லை. முதலாளி அல்லவா, ஆள் போடுவார். முதலில் டர்போ நத்தைகள் வந்தன. "வேலைக்காரன்னா இவன்தான், ராப்பகலா மேய்வான்" என்று ஒவ்வொரு விருந்தாளிக்கும் அறிமுகம் நடந்தது. டர்போ நத்தை நன்றாகவே மேயும். ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் அதற்கு நிமிரத் தெரியாது. அப்படியே கிடந்து செத்து, அழுகி, பாசிக்கே உரமாகிவிடும். ஆகவே நடுச்சாமத்தில் அலாரம் வைத்து எழுந்து, டோர்ச் அடித்துத் தேடி, நத்தைகளை நிமிர்த்தி வைப்பது முதலாளியின் வேலையாயிற்று.

அடுத்து மரகத நண்டு. கரிபியன் கடல் பிறப்பு. குமிழ்ப்பாசி தின்பதில் பேர்பெற்றது. பசி வந்தால் சின்ன மீனையும் எட்டிப் பிடிக்கப் பார்க்கும். "ஆள் கெட்டிக்காரன், குணந்தான் சரியில்ல" என்று ஒதுக்கிவிட்டார். பிறகு, தொட்டிக்காரர்கள் செல்லமாகப் புல்வெட்டி என்று கூப்பிடும் பிளெனி மீன். பாறையைச் சுரண்டித் தின்னவே பிறந்த அது, டப்பாத் தீனியின் ருசியைக் கண்டுகொண்டு, மூடி திறக்கும் நேரத்தில் மட்டும் முன்னால் வந்து நிற்கப் பழகியது. "சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வந்துருவான்" என்று அதுவரை சமையலறைப் பையனுக்கு விழுந்த ஏச்சு இப்போது மீனுக்கு விழுகிறது. பையனுக்கு அந்த மட்டில் நிம்மதி.

இப்போது கடல் முள்ளெலி எடுக்கப் போகிறார். அதற்கான நற்சான்றிதழ் கையில் தயாராக இருக்கிறது. 1983-இல் பனாமா கரையில் தொடங்கிய ஒரு நோய் கரிபியன் கடலின் நீள்முள் முள்ளெலிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேலானவற்றை ஏறக்குறைய ஒரே வருடத்தில் கொன்றது. மேய ஆளில்லாமல் ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. "பாத்தீங்களா, ஒரு ஆள் லீவு போட்டா என்ன நடக்கும்னு!" என்பார். பாசி மேயும் மீன்களை ஜமைக்காக்காரர்கள் அதற்கு முன்பே பிடித்துத் தின்று தீர்த்திருந்தார்கள் என்ற பாதியை மட்டும் விட்டுவிடுவார்.

பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரேட், பொஸ்பேட். பின்னிரண்டும் பெரும்பாலும் தீனி வழியாகத்தான் இவருடைய தொட்டிக்குள் போகின்றன. இது அவருக்குத் தெரியாததல்ல. பொஸ்பேட் அளக்கும் புட்டிகள் வரவேற்பு மேசையில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் எந்தக் குழந்தை வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாலும் கை டப்பாவுக்குப் போய்விடும். "மீன் சாப்பிடுறதப் பாக்கத்தானே பிள்ளைங்க வருதுங்க" என்று, ஏதோ பிடிபட்டவர் போலச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கோபம் நிற்பதில்லை.

வைத்தியமும் உண்டு. ஃப்ளுகொனசோல் என்ற பூஞ்சை மருந்து இறகுப்பாசியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டுத் தம்புள்ளை மருந்துக்கடைக்குப் போனார். "யாருக்கு?" என்று கேட்டார்கள். "தொட்டிக்கு." வைத்தியர் துண்டு இல்லாமல் தர மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றிலிருந்து பாசிக்கெல்லாம் அந்தக் குரங்கே பொறுப்பு. அதற்கு முன் இரண்டு வருடமாகத் தொட்டி பச்சையாகத்தான் இருந்தது என்று நினைவுபடுத்தினால், 1967-க்குப் போய்விடுவார். அந்த வருடம் யாரோ சீகிரியா ஓவியங்களில் பச்சைப் பெயின்ட்டை அள்ளிப் பூசினார்கள்; இத்தாலியிலிருந்து லூசியானோ மரான்சி வந்து துப்புரவாக்கினார். "அந்தப் பச்சையையே எடுத்தாங்க, இந்தப் பச்சை போகாதா?" கீழே, 5-ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கட்டிய நீர்ப்பூங்காவின் குளங்களும் பச்சையாகத்தான் கிடக்கின்றன. டிக்கெட் வாங்கி வந்து படமெடுக்கிறார்கள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். தண்ணீர் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீர் ஊற்ற வேண்டும். இந்த உலர்வலயத்துக் கிணற்றுத் தண்ணீரோ கடுந்தண்ணீர். அநுராதபுரம், பொலன்னறுவை, மாத்தளையில் வில்கமுவைப் பக்கம் என்று சிறுநீரக நோய் வாட்டும் ஊர்களில், சனங்கள் குடிப்பதற்கென்றே தண்ணீரின் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. பலவற்றைத் தயாரித்துப் பூட்டியது கடற்படை. கடற்படை உப்பை நீக்கிக் கொடுத்த தண்ணீரை எடுத்து வந்து இவர் மறுபடி உப்பைக் கலக்குகிறார். ஒரு கேனோடு வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு முன்னால் இவருடைய முச்சக்கரவண்டி எட்டுக் கேனை நிரப்பிக்கொண்டு போகிறது. நத்தைக்கும் நண்டுக்கும் செலவழித்த காசில் சொந்தமாகவே ஒரு ஆர்.ஓ. கருவி வாங்கியிருக்கலாம். வரிசையில் நின்ற ஒருவர் அதை நேராகவே கேட்டுவிட்டார்.

"அது கழிவுத் தண்ணி நெறைய விடும்ண்ணே" என்றார் முதலாளி. "இந்த ஊர்ல போய்த் தண்ணிய வீணாக்கலாமா?"