ஐபோன் பக்தியும் அடியார் இலக்கணமும்: ஒரு தத்துவ விசாரணை

ஐபோன்காரர் பக்தர், எதைக் கொடுத்தாலும் வரிசையில் நின்று வாங்குவார். ஆண்ட்ராய்டுக்காரர் கணக்குப் பார்ப்பவர், வசதியை எடைபோட்டே வாங்குவார். இந்த இருவகை மாந்தர் கோட்பாடு இந்தக் கைபேசிகளுக்கும் முந்தியது. 1994இல் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ தம் பத்திரிகைப் பத்தியில் ஆப்பிளின் மக்கின்டாஷ் கணினியைக் கத்தோலிக்கம் என்றும் அதன் போட்டியான டாஸைப் புராட்டஸ்டன்ட் என்றும் வேடிக்கையாக வகுத்தார். வேடிக்கை போய் வகுப்பு மட்டும் நின்றுவிட்டது. 2006இல் ஆப்பிள் நிறுவனமே ஒரு நடிகரை மேக்காகவும் இன்னொருவரைப் பிசியாகவும் நிறுத்தி விளம்பரம் எடுத்து, அதற்குச் சாத்திரத் தகுதி வழங்கியது. (மேக்காக நின்ற ஜஸ்டின் லாங் 2021இல் இன்டெல் விளம்பரத்துக்கு வந்து பிசியின் பெருமை பேசினார். இந்த மதமாற்றத்தை ஆய்வுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை.)

பிறர் மதம் மறுத்த பின்பே தன் மதம் நிறுவ வேண்டும் என்பது நம் மரபு. 2016இல் ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் ஓட்டையை ஆப்பிள் எடுத்தது. ஆண்ட்ராய்டு போன் விற்கும் சாம்சங் விளம்பரம் போட்டுச் சிரித்தது. 2019இல் அதன் நோட் 10இல் அதே ஓட்டையைக் காணோம். 2020இல் ஐபோன் பெட்டியில் சார்ஜர் இல்லை. சாம்சங் மறுபடி கிண்டலடித்தது. சில மாதங்களில் அதன் எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கணக்குப் பார்ப்பவர்கள் அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டுமே? கட்டவில்லை. அப்படியானால் அவர்களும் பக்தர்களே என்று எதிர்வாதி துள்ளலாம். சோற்றைக் குறைத்தும் கைதி ஓடவில்லை என்பதற்காக அவனுக்குச் சிறைமேல் பற்று என்று யாரும் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப் அரட்டைகளை அப்படியே கொண்டுபோக அந்த நிறுவனமே வழிசெய்தது 2022இல்தான். அதுவரை போனை மாற்ற நினைத்தவர் அக்கா அனுப்பிய குரல்பதிவையும், பேத்தி பிறந்த அன்று வந்த முதல் படத்தையும் நினைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கம்பெனியிலேயே புதுப் போன் வாங்கினார். கடைக்காரர் அவரை விசுவாசமான வாடிக்கையாளர் என்று எழுதிக்கொண்டார்.

ஆக, பற்று ஆளிடம் இல்லை, கட்டில் இருக்கிறது என்பதே நம் சித்தாந்தம். இதற்குச் சாட்சி எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது. 2021இல் எபிக் என்ற விளையாட்டுச் செயலி நிறுவனம் ஆப்பிள்மேல் நடத்திய வழக்கில் வெளிவந்த ஒரு பழைய மின்னஞ்சலில், ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி ஒரு கவலையைச் சொல்கிறார்: ஐமெசேஜ் என்ற தங்கள் செய்திச் செயலியை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித்தர இருக்கும் தடை நீங்கிவிடுமாம். பக்தியில் நம்பிக்கை உள்ளவர்கள் தடையைப் பற்றிக் கவலைப்படுவானேன்?

புது ஐபோனுக்காக விடிய விடியக் கடைவாசலில் கிடந்தார்களே, அவர்கள்? இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. கேமரா அவர்களிடம் போனது. படங்களெல்லாம் பழைய கணக்கில் மாட்டிக்கொண்டதால் மறுநாள் மத்தியானம் வந்து அதையே வாங்கியவரிடம் எந்தக் கேமராவும் போகவில்லை. கட்டு மட்டுமே காரணம் என்றால், ஆண்ட்ராய்டிலிருந்து வரும் செய்தி பச்சைக் குமிழியில் தெரிவதற்காக அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் கூசுகிறார்கள் என்ற கேள்விதான் கொஞ்சம் கனமானது. ஆனால் அந்தக் கூச்சமும் தானாக முளைத்ததில்லை. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வழியாக ஆர்சிஎஸ் என்ற பொதுச் செய்தி முறையை ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. இரு தரப்புக்கும் இடையே படங்கள் மங்காமல் போய்வரத் தொடங்கின. குமிழியின் நிறத்தை மட்டும் ஆப்பிள் பச்சையாகவே விட்டுவைத்தது.